ராகியைக் கம்புக்குத் தெரியாமல் போன வாரம்

1

உடன்பிறந்த இரண்டு பூனைகளில் ஒன்று மற்றொன்றை யாரென்று தெரியாமல் அடித்ததை இந்த ஆகஸ்டில் பார்த்தேன். இடம், ஒசூர் மூக்கண்டப்பள்ளியில் என் தம்பி குமரேசனின் வீடு. பூனைகளின் பெயர் ராகி, கம்பு. ராகி அடர்பழுப்பு நிறப் பெண். கம்பு சாம்பல் நிற ஆண். ஜூஜுவாடி அருகே நெடுஞ்சாலை ஓரம் கிடந்த தக்காளிக் கூடைக்குள் இரண்டும் கண் திறந்தும் திறக்காமலும் கிடந்தனவாம். ஷிப்ட் முடிந்து வந்த தம்பி கூடையோடு எடுத்து வந்துவிட்டான். அன்றிலிருந்து இரண்டும் ஒரே பழைய போர்வையில்தான் படுக்கும். தள்ளி நின்று பார்த்தால் எந்த வால் எதனுடையது என்று சொல்ல முடியாது.

நான் இருப்பது தெற்கு ஜெர்மனியில், இயந்திர உதிரிகள் செய்யும் ஒரு சிற்றூரில். தொழிற்சாலையில் அளவு சோதனைப் பிரிவில் வேலை. வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்வருவது வழக்கம். இந்த முறை போனது விடுமுறைக்கு அல்ல; என் மகள் இனியாவைத் திரும்ப அழைத்துவர.

பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரி சேருமுன் ஓராண்டு எங்காவது தூர தேசத்துக்குப் போய் வேலை பார்ப்பது இங்கே வழக்கம். இனியாவின் தோழிகள் நியூசிலாந்து, சிலி என்று கிளம்பினார்கள். இவள், "ஒசூர்" என்றாள். நானும் என் மனைவி மீனாவும் அடைந்த மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியாது. பொங்கல் விழாவில் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் நானே வலியப் போய்ச் சொன்னேன். நம் பிள்ளைகள் நம்மைவிட்டும் ஊரைவிட்டும் விலகிப் போகிறார்கள் என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருக்கையில், என் மகள் மட்டும் ஊரை நோக்கிப் போனாள்.

ஊரை நோக்கிப் போகிறவள் என்னை நோக்கி வருகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிசகு. அக்டோபரில் அவளுக்குக் கல்லூரி. திரும்பி வர இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாக முன்பதிவு செய்துவிட்டு, "ஆகஸ்ட்ல அப்பா வரேன், சேர்ந்து திரும்பிடலாம்" என்று போனில் சொன்னேன்.

"பாக்கலாம்ப்பா" என்றாள்.

2

அந்த ஓராண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு வாரத்தின் அச்சு. காலையில் ரொட்டி வாங்கி வருவேன். ஞாயிறு என்பதால் வெற்றுப் புட்டிகளைத் தெருமுனையில் பழைய கண்ணாடி சேர்க்கும் தொட்டியில் போட முடியாது. சத்தம் வரக்கூடாது என்பது இங்கே சட்டம். சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் அழைப்புக்குக் காத்திருப்பேன்.

இனியாவுக்குத் தமிழ் கற்பிக்க நான் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. சனிக்கிழமைதோறும் பக்கத்து நகரத் தமிழ் வகுப்புக்குக் காரில் அழைத்துப் போவேன். பனி கொட்டிய நாளிலும் தவறியதில்லை. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அழகாக எழுதுவாள், பேச மாட்டாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும்.

ஒசூர் போன ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, போனில் அவள் பேச்சு மாறியது. "சாப்டீங்களாப்பா? இங்க மழைங்க, ரோடெல்லாம் ஒரே சேறா கெடக்குது" என்றாள். சித்தி தட்டில் இன்னொரு களியுருண்டை வைக்க வந்தபோது கையால் மறைத்து, "சாக்கு சித்தி, சாக்கு" என்றாள். போதும் என்பதற்குக் கன்னடம். தெலுங்கிலும் ஏதோ சொல்லிச் சிரித்தாள். திரைக்கு வெளியிலிருந்து தம்பி அதற்குப் பதில் சொன்னான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு என்னவென்று விளங்கவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தம்பி தொழிற்பேட்டையில் டை எனப்படும் உலோக அச்சுகள் செய்யும் ஒரு சிறிய டூல் ரூமில் சூப்பர்வைசர். இனியாவை அங்கேதான் பயிற்சிக்குச் சேர்த்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்துக் காட்டினாள். விரலும் உள்ளங்கையும் சரியான இடத்தில் இருந்தன. என் பிழைப்பே அந்தக் கருவிதான். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அதைக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"சித்தப்பாதான். வேற யாரு?"

அன்று ரொட்டியைச் சாப்பிடாமல் எடுத்து வைத்தேன். என்ன உடம்புக்கு என்று மீனா கேட்டாள். மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வந்தவளிடம், என் தம்பியைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது என்று எப்படிச் சொல்வது? பசியில்லை என்றேன்.

3

என்னை அழைத்துப் போகப் பெங்களூரு விமான நிலையத்துக்குத் தம்பியும் இனியாவும் வந்திருந்தார்கள். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். மறைக்காமல் எழுதுகிறேன்: இரவல் காரில் மாநில எல்லையைத் தாண்டி வீடு போய்ச் சேரும் வரைக்கும் அவள் என்னோடு பின்னிருக்கையில் உட்கார்ந்தாளா, தம்பியோடு முன்னிருக்கையிலா என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். முன்னிருக்கையில்.

வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு. காலையில் தம்பி மனைவி செல்வி சமையலில் இருக்கையில் தம்பியும் இனியாவும் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பிறகு ஒரே ஸ்கூட்டரில் டிபன் டப்பாக்களோடு கிளம்பிவிடுவார்கள். மாலையில் திரும்பும்போது ஏதோ ஒரு டையில் பிசிறு நின்ற கதை தெருமுனையிலிருந்தே கேட்கும். அந்தக் கதையில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

பூனைகளும் கேட்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடும்.

"உம்மேல அந்த ஊரு சோப்பு வாசன அடிக்குதுண்ணா. யாரோ சேல்ஸ்மேன் வந்துருக்கறான்னு நெனச்சிருக்கும்" என்றான் தம்பி.

இனியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்விதான், "வந்த மனுசன ஏன் வம்புக்கு இழுக்கறீங்க? நீங்க சாப்புடுங்க மாமா" என்றாள்.

கல்லூரிப் பேச்சை இரண்டு முறை எடுத்தேன். முதல்முறை, "சொல்றேன்ப்பா" என்று குளிக்கப் போனாள். இரண்டாம் முறை தம்பி இருந்தான். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

4

பக்கத்து ஷெட்டின் தகரம் கிழித்து ராகிக்கு இடுப்பில் ஆழமான காயம். தம்பியும் இனியாவும் கூடையில் வைத்து மத்திகிரிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். நானும் வருகிறேன் என்றேன். "ஸ்கூட்டர்ல எங்கண்ணா எடம்? நீ வீட்ல இரு" என்று போய்விட்டான். தையல் போட்டு, மயக்கம் தெளிய வேண்டும் என்று ராகியை ஓரிரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இருவரும் திரும்பி வரும்போது மழையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே தலை துவட்டியதை நான் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராகியைக் கூட்டிவந்து வாசலில் என் கையில் கொடுத்துவிட்டு, மாத்திரை வாங்க இருவரும் மெடிக்கலுக்குத் திரும்பினார்கள். எனக்கென்று ஒரு வேலை அப்போதுதான் வாய்த்தது.

எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் குளிக்காமல் வாசல் தாண்டக் கூடாது. நோயாளி என்றால் வெந்நீரில் துடைத்தாவது விட வேண்டும். ஜெர்மனியிலும் எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை. மீனா வேலை முடிந்து வந்ததும் யாரிடமும் பேசாமல் நேரே குளியலறைக்குத்தான் போவாள், பிறகுதான் காபி. அதனால் வாசலிலேயே கூடையை இறக்கி, "செல்வி, கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமாம்மா?" என்றேன்.

"பூனைக்கா மாமா?" என்று சிரித்தாள். ஆனாலும் மறுக்கவில்லை. அவளுக்கும் அந்த எண்ணம் இருந்திருக்கிறது. வெந்நீரில் மஞ்சள் தூள் போட்டு, இரண்டு கொத்து வேப்பிலையும் போட்டுக் கொண்டுவந்தாள்.

கட்டு நனையாமல் ராகியைத் துடைத்தேன். முதலில் முகம், பிறகு கழுத்து, நான்கு கால்கள், வால். எதையும் அரைகுறையாகச் செய்கிறவனல்ல நான். தண்ணீர் அழுக்காக வந்ததால் என் பையிலிருந்த ஷாம்பூவையும் ஒரு சொட்டு சேர்த்துக்கொண்டேன். ராகி எதிர்க்கவில்லை, மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை போலும். என்னுடைய புதிய துண்டால் துவட்டினேன். அதற்குள் செல்வி வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை வீடெங்கும் காட்டி முடித்திருந்தாள். தம்பியும் இனியாவும் வரும்போது பளிச்சென்ற பூனையோடு நிற்க வேண்டும், இனியா, "யாருப்பா பண்ணது?" என்று கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

கேட்டாள். ஆனால் கேட்டது வேறு கேள்வி, அதற்கு முன் நடந்ததும் வேறு.

5

ஸ்கூட்டர் வந்து நிற்கும் நேரத்தில் ராகியைக் கூடத்தில் இறக்கிவிட்டேன். போர்வையில் படுத்திருந்த கம்பு எழுந்து வந்தது. மூக்கை நீட்டி முகர்ந்தது. உடனே காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன. வால் புடைத்துப் புட்டி கழுவும் பிரஷ் போலாயிற்று. அடித்தொண்டையிலிருந்து ஓர் ஓசை வந்தது. பூனையிடமிருந்து அப்படி ஓர் ஓசை வரும் என்று எனக்குத் தெரியாது. ராகி வழக்கம்போல் தலையை அதன் கழுத்தடியில் நுழைக்கப் போனது. கம்பு அறைந்தது. ராகி உருண்டு எழுமுன் மேலே பாய்ந்து கடித்தது. பழுப்பும் சாம்பலுமாக ஒரு பந்து நாற்காலிக்கும் டிவி மேசைக்கும் இடையே சுழன்றது.

"டேய் கம்பு! விட்றா!" என்று உள்ளே ஓடிவந்த தம்பி குனிந்து கையை விட்டான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்தது. இனியா போர்வையை எடுத்து இரண்டின் மேலும் போட்டாள். போர்வைக்குள்ளிருந்து ராகி பிய்த்துக்கொண்டு அறைக்குள் ஓடியது. இனியா கதவைச் சாத்தினாள். கம்பு சாத்திய கதவின் முன் நின்று உறுமிக்கொண்டே இருந்தது.

இனியா மருத்துவருக்குப் போன் போட்டாள். இளம்வயதுப் பெண். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"ஆஸ்பத்திரி வாசனையில ஒண்ணு ரெண்டு பூனைங்க இப்பிடிப் பண்ணும் மேடம். வேற ஏதாச்சும் பண்ணீங்களா?"

"ஒண்ணும் பண்ணலியே."

நான் தொண்டையைக் கனைத்தேன். "வெந்நீர்ல துடைச்சு விட்டேன். மஞ்சள், வேப்பிலை. கொஞ்சம் ஷாம்பூ."

போனில் மருத்துவரின் குரல் உயர்ந்தது. "ஏன் சார்? அதோட சொந்த வாசனை கொஞ்சநஞ்சம் இருந்திருக்கும், அதையும் கழுவி விட்டுட்டீங்களா? இப்ப கம்புக்கு அது எந்த வீட்டுப் பூனையோ! ரெண்டையும் தனித்தனியா வைங்க. அவசரப்பட்டு ஒண்ணா விட்றாதீங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் சேராது, ஒண்ண வேற வீட்டுக்குத்தான் குடுக்கணும்."

இனியா போனை வைத்தாள். "அப்பா, உங்கள யாரு கேட்டா?" என்றாள்.

ஜெர்மனில் சொல்லியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. நல்ல ஒசூர்த் தமிழில் சொன்னாள்.

தம்பி கையைக் குழாயடியில் கழுவிக்கொண்டே, "விடு கண்ணு. அண்ணன் நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணாரு" என்றான். அவன் எனக்காகப் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

6

மருத்துவர் சொன்ன முறை இதுதான். ராகி இனியாவின் அறையில், கம்பு கூடத்தில். நடுவில் மூடிய கதவு. சாப்பாட்டை மட்டும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில், கதவின் இருபுறமும் வைக்க வேண்டும். முதலில் தட்டுகள் தள்ளி இருக்க வேண்டும், உறுமாமல் சாப்பிடப் பழகப் பழகக் கதவை நோக்கி நகர்த்த வேண்டும். இதன் உடம்பில் தேய்த்த துணியை அதனிடமும் அதன் துணியை இதனிடமும் போட வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

தொழிற்சாலையில் ஆடிட் வந்து தம்பிக்கு வேலை கூடிப்போனது. விடிந்தால் போனிலேயே இருந்தான். செல்விக்குக் கம்பு என்றால் இப்போது பயம். இனியா டூல் ரூமில் லீவு சொல்லிவிட்டு ராகியோடு அறைக்குள் உட்கார்ந்தாள். கூடத்துப் பக்கத்துக்கு நான் மட்டும்தான் மிச்சம்.

முதல் நாள் எங்களுக்குள் பேச்சு பூனைகளைத் தாண்டவில்லை.

"அப்பா, கம்பு தின்னுதா?"

"பாதி தின்னுச்சு. கதவையே பார்க்குது. காது பின்னாடிதான் இருக்கு."

"தட்ட ஒரு சாண் பின்னாடி இழுங்க. அவசரப்படாதீங்க."

நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, தட்டின் இடத்தைக் குறித்துக்கொண்டேன். கதவிடுக்கு வழியே அதைப் பார்த்திருக்கிறாள். "இங்கயும் டிராயிங் போட்டாச்சா?" என்று சிரித்தாள். கோபம் கரைந்த சிரிப்பு.

அடுத்தடுத்த நாட்களில் தட்டுகள் நெருங்கின. நானும் அவளும் கதவின் இருபுறமும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். முகம் பார்க்காமல் பேசுவது எங்களுக்கு எளிதாக இருந்தது. இருபது ஆண்டு ஜெர்மன் வாழ்க்கையில் ஒரு சமையலறை மேசையின் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதைவிட அந்தக் கதவோடு பேசியது அதிகம்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "மைக்ரோமீட்டர் நானும்தானே சொல்லிக் குடுத்தேன். அப்ப ஏம்மா எந்திரிச்சுப் போயிட்ட?"

ராகி நக்கும் சத்தம் கேட்டது.

"நான் தப்பா புடிச்சா, என் கையில இருந்து வாங்கி நீங்க சரியா புடிச்சுக் காட்டுவீங்கப்பா. சித்தப்பா வாங்க மாட்டாரு. தப்பா அளந்து பீஸு ஸ்கிராப் ஆகற வரைக்கும் பேசாம நிப்பாரு. அப்புறமா 'ஆயித்தா?'ன்னு கேப்பாரு. அவ்வளவுதான்."

ஆயிற்றா என்பதற்குக் கன்னடம். "ஸ்கிராப் ஆனா நஷ்டம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கம்பு காதை முன்னால் நிமிர்த்தியது. அதன் பிறகு அவள் குரல் தணிந்தது.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். காலேஜுக்கு எழுதிக் கேட்டேன். எடத்த அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கலாம்னு சொல்லிட்டாங்க. அது வரைக்கும் இங்க இருக்கட்டுமா?"

நான் பயந்தது நடந்துவிட்டது. "சித்தப்பா சொல்லி எழுதினியா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சித்தப்பாவுக்குத் தெரியாது. அவர்கிட்ட கேட்டா அப்பா கூடப் போன்னுதான் சொல்வாரு. அதான் உங்ககிட்ட மொதல்ல கேக்கறேன்."

யோசிச்சுச் சொல்றேன் என்றேன். மகளை இழக்கப் போகிற செய்தி அது. ஆனாலும் "உங்ககிட்ட மொதல்ல" என்ற சொற்களை அன்று முழுக்க மனத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

7

மறுநாள் காலை நாங்கள் கதவோடு பேசிக்கொண்டிருக்கையில் தம்பி வந்தான். கையில் இரண்டு டம்ளர் டீ. அது அவனும் இனியாவும் வாசற்படியில் குடிக்கும் நேரம். மூடிய கதவுக்கு அப்பால் அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம்.

தம்பி நின்றான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனின் ஓரத்தில் சிறிய சதுரத்தில் தெரியும் என் முகம் அது.

"டீ ஆறிடும்" என்றான் யாரிடமும் இல்லாமல். பிறகு ஒரு டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். அது இனியாவின் டம்ளர். நான் எடுத்துக் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவ்வளவு இனித்த டீயை அந்த வீட்டில் நான் குடித்ததில்லை.

அன்று மதியம் ராகிக்குத் தையல் பிரிக்க வேண்டியிருந்தது. இந்த முறை ஸ்கூட்டரில் எனக்கு இடம் இருந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் பின்னால் உட்கார்ந்தேன். மத்திகிரி போகும் வழியில் மரங்கள் அடர்ந்த ஓரிடத்தில் அவன் வண்டியை ஓரம் கட்டினான். முன்னால் பார்த்தபடியே பேசினான்.

"கூட்டிட்டுப் போறியா, இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருண்ணா. தெனம் காலையில அவ மூஞ்சியப் பாத்து, இன்னிக்கா நாளைக்கான்னு யோசிக்க என்னால முடியல."

"அவ உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"இந்தப் பூன சண்ட வந்ததுல இருந்து எங்கூட எங்க பேசறா? உன் கதவோடதான பேசறா. போ, உன் புள்ளதான், நான் என்ன கேக்க முடியும். எல்லாமே உங்கிட்டதான் இருக்குது. இது ஒண்ணு ஒரு வருசம் இங்க இருந்துச்சு, அவ்வளவுதான்."

தம்பிக்கும் செல்விக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவன் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அன்றும் அதற்கு மேல் பேசவில்லை. கட்டுப் போட்ட கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தான். கம்பு கிழித்த கை. அதற்குக் காரணம் நான்.

"இருக்கட்டும்டா. அடுத்த கோடை வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

திரும்பினான். "காலேஜு?"

"தள்ளி வெச்சுக்கலாமாம். கேட்டுட்டா."

"அறிவு கெட்ட கழுத! படிப்ப விட்டுட்டு இங்க என்ன கிழிக்கப் போறா? நீயும் சரின்னியா?" என்று கத்தினான். கத்திய வாய் சிரித்துக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்தி, "உங்கிட்டயா மொதல்ல கேட்டா?" என்றான்.

"ஆமா" என்றேன்.

அந்த 'ஆமா'வைச் சொல்ல எனக்கிருந்த சந்தோஷம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மடியிலிருந்த கூடையைத் தட்டி, "ரெண்டு பூனையும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல, என்ன ராகி?" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

இந்த முறை ராகியை யாரும் துடைக்கவில்லை. வீடு திரும்பியதும் அறைக்குள் விட்டு, கம்புவின் போர்வையை அதன்மேல் போர்த்தினோம். நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் கதவைத் திறந்தோம். கம்பு வந்து முகர்ந்தது. ஒருமுறை சீறியது. நான்கு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். பிறகு அது ராகியின் காதை நக்கத் தொடங்கியது. ராகி கண்ணை மூடிக்கொண்டது. "ஆயித்தா?" என்றான் தம்பி. "ஆயித்து" என்று அவன் தோளில் சாய்ந்தாள் இனியா.

என் தோளும் பக்கத்தில்தான் இருந்தது.

8

ஜெர்மனி திரும்பியதும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். இங்கே வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்பது அரசுப் பதிவில் இருக்க வேண்டும். நீண்ட நாள் வேறு நாட்டில் இருக்கப் போகிறவரின் பெயரை எடுக்கச் சொல்கிறார்கள். முன்பதிவு செய்து, வரிசை எண் வாங்கி, என் எண் திரையில் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"மகள் அங்கே யாருடன் வசிக்கிறாள்?" என்று அலுவலர் கேட்டார்.

தம்பியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மூக்கண்டப்பள்ளி என்று எழுதி முடிக்க அவருக்கும் எனக்கும் வெகுநேரம் பிடித்தது. அவர் தட்டச்சு செய்து திரையை என் பக்கம் திருப்பிச் சரிபார்க்கச் சொன்னார். இதுவரை என் பெயரின் கீழே இருந்த என் மகளின் பெயர் இப்போது என் தம்பியின் பெயருக்குக் கீழே இருந்தது. பிழை ஏதாவது இருக்குமா என்று தேடினேன். இல்லை. சரி என்றேன்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து ஒசூருக்குப் போன் போட்டேன். ஞாயிறுகூட அல்ல. செல்விதான் எடுத்தாள். அங்கே இருட்டும் நேரம்.

"இனியா இருக்காளாம்மா?"

"அவுங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிருக்கறாங்க மாமா. கெளம்பி ரொம்ப நேரமாச்சு, எங்க நின்னு கதையடிக்கறாங்களோ."

"பூனைங்க?"

"அதுங்களுக்கென்ன, ஒண்ணுமேல ஒண்ணு கெடக்குதுங்க. வந்தா கூப்புடச் சொல்லட்டுங்களா?"

சரி என்று சொல்லி வைத்திருக்கலாம். பேருந்தும் வந்து நின்றது. "இல்லம்மா, வர வரைக்கும் நான் லைன்லயே இருக்கறேன்" என்றேன்.

"நான் கொழம்பு தாளிச்சிட்டிருக்கறேன் மாமா. போன எங்க வெக்கறது?"

"அங்கயே எங்கயாவது வை. நீ உன் வேலையைப் பாரு."

அவள் போனை மேடைமேல் வைத்தாள். கடுகு வெடித்தது. பாத்திரம் நகர்ந்தது. செல்வி யாரையோ, பூனையைத்தான் போலும், கன்னடத்தில் விரட்டினாள். பேருந்து என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. காதோடு போனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் தூரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கேட் திறந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

"யாரோ லைன்ல காத்துட்டிருக்கறாங்க, பாருங்க" என்றாள் செல்வி.

இருவரில் யார் முதலில் எடுக்கப் போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தேன்.